மூன்றாவது கம்பி

அன்பு மகளுக்கு,

ஞாயிறு அதிகாலை நான் முதல் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நீ அழைத்தாய். உனக்கு அங்கே டொராண்டோவில் சனிக்கிழமை மாலை. கடைக்குள் நின்றபடி கைபேசியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் காட்டினாய். தலைக்கு மேல் வரை மின்கிட்டார் கம்பிகளின் உறைகள், எல்லா நிறத்திலும். "எதை வாங்கட்டும் அப்பா?" என்றாய். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் "எர்னி பால் கம்பி, பருமன் பத்து" என்றேன். "ஏன் அது?" என்றாய். "நாற்பது வருடமாக நான் அதைத்தான் போடுகிறேன்" என்றேன்.

அது பதிலே அல்ல என்பது கோயிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நீ எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் நான் சொன்னதில் பாதி உனக்குப் பொருந்தாது. உனக்குப் பத்து வேண்டாம், ஒன்பது போதும். காரணத்தைச் சொல்கிறேன்.

உறையில் 9–42, 10–46 என்று போட்டிருப்பது கம்பியின் பருமன். மிக மெல்லிய முதல் கம்பி ஒரு முனை, மிகத் தடித்த ஆறாவது கம்பி மறுமுனை. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். பத்து என்றால் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. ஆனால் ஒரே சுருதியில் நிறுத்தும்போது கம்பியின் இழுவிசை பருமனின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. உன் கிட்டாரைப் போன்ற இருபத்தைந்தரை அங்குல நீளத்தில் ஒன்பது கிட்டத்தட்ட 6 கிலோ விசையில் நிற்கும், பத்து 7 கிலோவைத் தாண்டிவிடும். ஆறு கம்பிகளையும் கூட்டினால் ஒன்பதில் தொடங்கும் கட்டு 38 கிலோ சுமாருக்கு இழுக்கிறது, பத்தில் தொடங்கும் கட்டு 47 கிலோ. விரல் நுனி இன்னும் காய்த்துப் போகாத உனக்கு அந்த ஒன்பது கிலோ சின்ன விஷயமல்ல. உன் தோழியின் கிட்டாரில் பத்து மெத்தென்று இருந்தது என்றாயே, அவளுடையது இருபத்துநான்கே முக்கால் அங்குல நீளம். அதே கம்பி அதில் ஆறு சதவீதம் தளர்வாக நிற்கும். அவள் கையைப் பார்த்து நீ வாங்கக் கூடாது.

இனி, ஏன் எர்னி பால் என்ற கேள்விக்கு வருகிறேன்.

எனக்கு இருபது வயதில் மெல்லிசைக் குழுவில் இடம் கிடைத்தபோது, நம் ஊரில் வாங்க முடிந்த கம்பிக் கட்டில் மூன்றாவது கம்பியும் சுற்றுக் கம்பிதான். எஃகுக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்தது. அதை வளைக்க முடியாது. வீணைக்காரர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் (கிட்டாரில் அதற்கு ஃபிரெட் என்று பெயர்) இரண்டு மூன்று சுவரங்களைத் தொடுவதைப் பார்த்திருப்பாய். மின்கிட்டாரில் பாட்டின் உயிர் அந்த இழுப்பில்தான் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் மூன்றாவது கம்பியில். நான் இழுப்பேன், விரல் தோல் பிய்யும், சுவரம் பாதி வழியில் நின்றுவிடும். பனிமய மாதா திருவிழாக் கச்சேரியில் ஒரு இரவு முழுவதும் விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வாசித்தேன். பிறகு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். மூன்றாவது இடத்தில் இன்னொரு இரண்டாவது கம்பியை மாட்டுவோம். சுருதி அவ்வளவு சரியாக நிற்காது. ஆனால் வளையும்.

1986இல் கப்பல் மாமா முதல் பயணம் முடிந்து வந்தார். சிங்கப்பூரில் வாங்கியது என்று சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார். கண்ணைக் கூசும் மஞ்சள்பச்சை. அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் மாட்டினேன். மூன்றாவது கம்பி சுற்றில்லாத வெறுங்கம்பி. ஒரு விரலால் தள்ளினேன், முழுச் சுவரம் ஏறிப் போய் நின்றது. நான் அழுதுவிட்டேன் என்பதை உன் அம்மாவுக்குக்கூட இதுவரை சொன்னதில்லை.

பல வருடம் கழித்துத்தான் அந்த உறைக்குள் இருந்த கதை எனக்குத் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் டார்ஸானா என்ற ஊரில் எர்னி பால் என்பவர் கிட்டார் மட்டும் விற்கும் கடை வைத்திருந்தார். 1950களின் கடைசியில் அது புதுமை. டிரம்ஸ் கூட விற்காமல் கடையா என்று கேட்டார்களாம். அவரிடம் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் எல்லாரும் திணறியது அதே இடத்தில்தான், இருபத்தொன்பது பருமனுள்ள சுற்றிய மூன்றாவது கம்பியில். தேர்ந்த கலைஞர்கள் முதல் இடத்தில் பாஞ்சோ என்ற இன்னொரு தந்திக் கருவியின் மெல்லிய கம்பியை மாட்டி, மற்றவற்றை ஒவ்வொரு இடம் தள்ளிப் போட்டுச் சமாளித்தார்கள். மெல்லிய கட்டு ஒன்று செய்யுங்கள் என்று அவர் ஃபெண்டர் நிறுவனத்திடம் கேட்டார். அவர்களுக்கு அக்கறை இல்லை. அவரே ஒரு கம்பி ஆலையில் சொல்லிச் செய்யவைத்தார். 1962இல் 'ஸ்லிங்கி' வந்தது: 10, 13, 17, 26, 36, 46. இன்று ஏராளமானோர் மாட்டியிருக்கும் கட்டு இதுதான், யார் பெயரில் விற்றாலும். அந்தப் பிள்ளைகளின் விரல்வலியும் என் விரல்வலியும் ஒன்றுதான் என்று தெரிந்த நாளில், முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு ஏற்பட்ட அன்பு இன்னும் குறையவில்லை.

ஆக, என் பிடிவாதத்துக்கு முதல் காரணம் நன்றி. மாமா கடைசிப் பயணம் வரை ஒவ்வொரு முறையும் நான்கு உறை வாங்கி வருவார். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. அந்த நிறத்தைக் கடையில் பார்க்கும்போது எனக்கு அவர் சட்டைப் பைதான் நினைவுக்கு வருகிறது. இதை உனக்கு நான் கைமாற்றிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

இரண்டாவது காரணம் உனக்கும் உதவும். கிட்டார் ஒரே ஒரு கட்டுக்காகத்தான் சரிசெய்யப்படுகிறது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டு, அந்த இழுவிசைக்கு எதிராக மரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் நட்டின் வெட்டு அந்தப் பருமனுக்கு ஏற்ப அராவியது. அடிப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் நீளமும் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் சுருதி பிசகாதபடி தனித்தனியாக வைத்தது. கம்பியின் பருமனை மாற்றினால் இத்தனையும் நகர்கிறது. உன் கிட்டாரைப் போல ஸ்பிரிங் வைத்த பிரிட்ஜாக இருந்தால் பிரிட்ஜே சாய்ந்து எழுந்துவிடும். ஒருமுறை நன்றாக அமைந்த கருவியைக் கலைக்க எந்தக் கலைஞனுக்கும் மனம் வராது. வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதை நிறுவனத்தின் மேல் உள்ள பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நிறுவனம் என்று பார்த்தால், ஒரே பருமனில் பெரிய பெயர்களுக்குள் உள்ள வேறுபாடு நாம் சண்டை போடும் அளவுக்கு இல்லை. ஒரு வருடம் எனக்கு ஸ்லிங்கி கிடைக்கவில்லை. டி'அடாரியோவின் 10–46 கட்டு மாட்டினேன். முதல் வாரம் யாருடைய கிட்டாரையோ வாசிப்பது போல இருந்தது. மூன்றாவது வாரம், குழுவில் கீபோர்டு வாசித்தவர் இரண்டு கிட்டார்களில் இரண்டு கட்டுகளையும் மாட்டி, என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார். பத்து முறையில் ஐந்து முறை தவறாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே கணக்குதான் வந்திருக்கும். ஆனால் அதே கீபோர்டுக்காரர் பழைய கம்பியையும் புதுக் கம்பியையும் வாசித்தபோது பத்தும் சரி. நாள்பட்ட கம்பிக்கும் புதிய கம்பிக்கும் உள்ள தூரத்தில் கால்வாசிகூட ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் இல்லை. கடையில் யார் எவ்வளவு பேசினாலும் இதை நினைவில் வைத்துக்கொள்.

டி'அடாரியோவைக் குறைத்துச் சொல்லவில்லை. மரியாதைக்குரிய குடும்பம். இத்தாலியில் அப்ரூட்ஸோ பகுதியில் ஸால்லே என்ற மலைக்கிராமத்தில் ஆட்டுக் குடலில் நரம்பு திரித்தவர்கள். 1680இலேயே தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தொழில் 'நரம்பு செய்பவர்' என்று அவர்கள் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. 1905 நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூயார்க்குக்குப் பிழைக்கப் போனார்கள். நம் பேராலயத்துப் பதிவேட்டில் தாத்தாவின் தாத்தா பெயருக்கு எதிரே முத்துக்குளிப்பு என்று எழுதியிருப்பதைக் காட்டினேனே, அது ஞாபகம் வந்தது. அவர்கள் கம்பியின் கடைசியில் இருக்கும் சிறு உலோகக் குண்டுக்கு ஆறு நிறம் கொடுத்திருக்கிறார்கள், எது எந்தக் கம்பி என்று குழம்ப வேண்டாம். முதன்முதலாகக் கம்பி மாற்றப் போகும் உனக்கு அது பெரிய உதவி. ஆகவே உனக்கு நான் சொல்வது டி'அடாரியோ 9–42. புதிதாக வாங்கிய உன் கிட்டாரில் இப்போது இருப்பதும் பெரும்பாலும் ஒன்பதாகவே இருக்கும், எதையும் திருக வேண்டியிராது.

உண்மையாகவே காதுக்கும் விரலுக்கும் தெரியும் வேறுபாடு உலோகத்தில் இருக்கிறது. 1960கள் வரை சுற்றுக் கம்பி சுத்த நிக்கலில் வந்தது. நிக்கல் விலை ஏறியதும் எஃகின் மேல் நிக்கல் பூசத் தொடங்கினார்கள், இன்று சாதாரணக் கட்டு எல்லாம் அதுதான். சுத்த நிக்கல் கொஞ்சம் தணிந்து, வட்டமாக ஒலிக்கும். துருப்பிடிக்காத எஃகு கூர்மையாக ஒலிக்கும், ஃபிரெட்டையும் சீக்கிரம் தேய்க்கும். சாதா கிட்டாருக்கான வெண்கலக் கம்பியை மட்டும் தவறிக்கூட மாட்டிவிடாதே. கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் ஒரு காந்தம். வெண்கலம் அதற்கு அந்நியம்.

மெல்லிய பூச்சு போட்ட கம்பிகளும் உண்டு. எலிக்ஸிர் என்று மழைத்துணி செய்யும் கோர் நிறுவனத்தார் 1990களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. வியர்வை உள்ளே இறங்காது. எனக்குக் கை அதிகம் வியர்க்கும். நம் ஊர் உப்புக் காற்றில் சாதாரணக் கம்பி மூன்று வாரத்தில் கறுத்துவிடுகிறது. நான் இருபது வயதில் இதைப் பார்த்திருந்தால் கண்டிப்பாக மாறியிருப்பேன். விரலுக்கு அடியில் வழுக்குவது போல ஓர் உணர்வு இருக்கும், இந்த வயதில் அது எனக்கு ஒட்டவில்லை. உனக்கு அங்கே உலர்ந்த குளிர், கையும் உன் அம்மாவின் கைபோல உலர்ந்த கை. அந்தச் செலவு உனக்குத் தேவையில்லை. வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் துடைத்தால் இரண்டு மாதம் தாங்கும்.

மெல்லிய கம்பி பலவீனர்களுக்கு என்று கடையில் எவராவது சொன்னால் நம்பாதே. ZZ டாப் குழுவின் கிட்டார் கலைஞர் பில்லி கிப்பன்ஸ் இளம் வயதில் கனத்த கம்பிதான் போட்டிருந்தார். மூத்த கிட்டார் கலைஞர் பி. பி. கிங் அந்தக் கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, எதற்காக இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கேட்டாராம். கிப்பன்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்று அவர் போடுவது ஏழு. பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்ஹாமில் தகட்டு ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து, பாஞ்சோ கம்பியை மாட்டி வாசித்தார். அந்த மெல்லிய கம்பியிலிருந்துதான் அவ்வளவு கனமான இசை வந்தது. மறுபக்கம் ஸ்டீவி ரே வான் என்ற கிட்டார் கலைஞர் பதின்மூன்று போட்டார், அரைச் சுருதி இறக்கி. அவர் விரல் கிழிந்து பசை போட்டு ஒட்டிக்கொண்ட கதையும் உண்டு. அவர் கை அவருக்கு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதை வாங்கினாலும் ஆறு மாதம் அதிலேயே இரு. கம்பி, மீட்டும் பிக், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றினால், சத்தம் மாறியது எதனாலென்று காதுக்குப் பிடிபடாது. ஒன்றைக் கட்டிப்போட்டால்தான் மற்றதன் குணம் தெரியும். அதன் பிறகு பத்துக்குப் போகத் தோன்றினால் போ. கிட்டாரைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டுப் போ.

இணையத்தில் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்காதே. நான் ஒருமுறை அப்படி வாங்கி ஏமாந்தேன். உறை அச்சாக அப்படியே இருந்தது, முதல் கம்பி சுருதி கூட்டும்போதே அறுந்தது. டி'அடாரியோ உறைக்குள் ஓர் எண் இருந்தால், அதை அவர்கள் தளத்தில் போட்டு அசல்தானா என்று பார்த்துக்கொள்.

மாற்றும்போது ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றாதே. ஒன்றை எடுத்து ஒன்றை மாட்டு. மாட்டிய பிறகு ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சுருதி கூட்டு, நான்கைந்து முறை, அது நிற்கும் வரை. மீதி நீளத்தைக் கத்தரிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றாதே, முனை தெறித்து வரும். வெட்டிய துண்டுகளைக் கையோடு பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடு, தரையில் வெறுங்காலோடு நடக்கிற பழக்கம் உன்னுடையது.

முடித்ததும் என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும். மூன்றாவது கம்பியை ஒன்பதாவது ஃபிரெட்டில் ஒரு முழுச் சுவரம் இழுத்துக் காட்டு.

உன்
அப்பா