செயலாளர் ஆண்டறிக்கை: மாட்டாம வச்சிருக்குற கால்கள்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் சங்கத்து அண்ணன் அக்கா தம்பி தங்கச்சி எல்லாருக்கும், கூட துணைக்கு வந்திருக்குற வீட்டு ஆளுங்களுக்கும் வணக்கம்.

வரவு செலவ பொருளாளர் தனியா வாசிக்கப் போறாரு, மாசக் கூட்டம் எதுவும் தவறல, என்ன பேசினோம்ங்கறது மினிட்ஸ் புக்ல இருக்கு, அதுக்குள்ள நான் போகல. இந்த வருஷம் நாம செஞ்சதுல பெரிய வேலைன்னு நான் நினைக்கிறது, நாம குடுத்த செயற்கைக் காலையும், வலுவில்லாத கால தாங்குற காலிப்பரையும் மாட்டுறாங்களான்னு பாக்க வீடு வீடா போனதுதான்.

போன பொதுக்குழுல ஒரு அக்கா எழுந்து நின்னு, "கால் குடுத்தோம் காலிப்பர் குடுத்தோம்னு வருஷா வருஷம் வாசிக்கிறீங்க தம்பி, வாங்கினவங்க இன்னைக்கும் மாட்டிட்டு நடக்குறாங்களான்னு யாராச்சும் போய் பாத்தீங்களா"ன்னு கேட்டாங்க. எங்கிட்ட பதில் இல்ல. அந்த கேள்வி அப்புறம் என்ன விடவே இல்ல. சரின்னு கிளம்பி போய் பாத்தா, பல வீட்டுல கால் துணி சுத்தி பீரோ பின்னாடி நிக்குது, ஆள் ஊன்றுகோல்ல நடக்குறாரு.

முதல்ல கேட்டா "கனமா இருக்கு", "பழகல"ன்னுதான் சொல்றாங்க. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினாதான் நிஜம் வருது, வலிக்குது. எங்க வலிக்குதுன்னு பாத்தா பெரும்பாலும் பாதத்துலயோ ஜாயின்ட்லயோ குறை இல்ல, சாக்கெட்லதான், அதாவது செயற்கைக் கால்ல நம்ம கால நுழைக்கிற மேல் கிண்ணத்துல. இத எல்லாரும் மனசுல வச்சுக்கணும். கால எடுத்த ஆபரேஷன் முடிஞ்ச முதல் வருஷத்துல வீக்கம் வத்தும், வேலை இல்லாத தசை சுருங்கும், ஸ்டம்ப், அதாவது எடுத்தது போக மிச்சமிருக்குற கால், நாளுக்கு நாள் சின்னதாகிட்டே வரும், அப்ப அன்னைக்கு அச்சு எடுத்து செஞ்ச முதல் சாக்கெட் சில மாசத்துலயே லூஸ் ஆகறது இயல்பு, அது உங்க தப்பும் இல்ல, செஞ்சவரு தப்பும் இல்ல, புது சாக்கெட் போடணும் அவ்வளவுதான். ஒரே நாள்ல கூட காலையில டைட்டா இருந்தது சாயங்காலம் தொளதொளன்னு ஆகும், அதுக்குத்தான் ஸ்டம்ப் சாக்ஸ், ஒன்னு கூட்டிப் போட்டு சரி பண்ணிக்கலாம். முட்டிக்கு கீழ எடுத்தவங்களுக்கு வெயிட்ட தாங்க வேண்டிய முக்கியமான இடம் முட்டி சில்லுக்கு கீழ இருக்குற அந்த தசைநார், சாக்கெட் லூஸ் ஆனா ஸ்டம்ப் உள்ள இறங்கி எலும்பு நுனி போய் அடில இடிக்கும். அப்படி ரெண்டு நாள் இடிச்சா எவ்வளவு தைரியசாலியும் கழட்டி வச்சிடுவாரு. இந்த சாக்ஸ் விஷயத்த முன்னாடி யாருமே சொல்லலன்னு நிறைய பேரு சொன்னாங்க, நாமளும் சொல்லலதான், அளவெடுத்து கால மாட்டிவிட்டு போட்டோ எடுத்ததோட நம்ம வேலை முடிஞ்சதுன்னு இருந்துட்டோம். அந்த தப்புல எனக்கும் பங்கு இருக்கு.

ஒரு அண்ணன் வீட்டுல நடந்தது மறக்க முடியாது. நல்லா நடந்துதான் எங்கள உள்ள கூப்பிட்டாரு. எதுக்கும் கழட்டிக் காட்டுங்கண்ணேன்னு சொன்னதும்தான் தெரிஞ்சுது, லூஸுக்கு பழைய துணிய அடைச்சு வச்சிருக்காரு, அடியில புண்ணு. சர்க்கரை இருக்குறவரு, உணர்ச்சி இல்ல, வலியே தெரியல. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம், ஆறிடுச்சு, இப்ப புது சாக்கெட்டோட இங்க முன் வரிசையில உட்கார்ந்திருக்காரு. சர்க்கரை உள்ளவங்க தினமும் ராத்திரி கண்ணாடிய அடியில பிடிச்சு ஸ்டம்ப்ப முழுசா பாருங்க, இருக்குற இன்னொரு பாதத்தையும் சேர்த்து. கழட்டின பிறகும் சிவப்பு மறையாம நின்னுச்சுன்னா அது அழுத்தம், மறுநாள் மாட்டாம உடனே சொல்லுங்க. ஸ்டம்ப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல போடுற மெத்து உறை, அந்த லைனர தினமும் கழுவி நல்லா காய வைக்கணும், ஸ்டம்ப்ப ராத்திரி கழுவுங்க, காலையில ஈரத்தோட மாட்டினா தோல் ஊறிப்போகும். செருப்போ ஷூவோ மாத்தும்போது குதி உயரம் மாறினா காலோட அலைன்மென்ட்டே, அதாவது நிக்கிற கோணமே மாறிடும், முட்டி முன்னாடி தள்ளும் இல்ல பின்னாடி இழுக்கும், அதையும் சிலர் காலோட குறைன்னு நினைச்சு கழட்டி வச்சிருந்தாங்க.

புதுசா ஆபரேஷன் ஆனவங்க வீட்டுல இன்னொன்னு பாத்தோம். பாசத்துல முட்டிக்கு அடியில தலையணை வச்சு படுக்க வைக்கிறாங்க. சுகமாத்தான் இருக்கும், ஆனா முட்டி மடங்கினபடியே இறுகிட்டா அப்புறம் கால் மாட்டறதே கஷ்டம். தலையணைய எடுத்துடுங்க, பிசியோ சொல்லிக்குடுத்த மாதிரி குப்புற படுக்க பழக்குங்க.

ஜூலை கூட்டத்துல, எடுத்துட்ட கால் இன்னும் இருக்குற மாதிரி வலிக்கிறத பத்தி பேசினோம். ஒரு தம்பி பல வருஷமா இத வீட்டுல கூட சொல்லாம இருந்திருக்காரு, பைத்தியம்னு சொல்லிடுவாங்கன்னு பயம். அன்னைக்கு எனக்கும் அப்படித்தான்னு கை தூக்கினவங்கள பாத்து அவரு அழுதுட்டாரு. 1990கள்ல மூளை ஆராய்ச்சியாளர் டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன் கண்ணாடி வச்சு செஞ்ச வைத்தியத்த பிசியோ மேடம் விளக்கினாங்க, இருக்குற காலோட பிம்பம் இல்லாத கால் இடத்துல தெரியற மாதிரி வச்சு அசைச்சா மூளை அத நம்பி இளகும், எல்லாருக்கும் கேக்காது, சிலருக்கு நல்லா கேக்குது.

பிரேஸ் போடுற பிள்ளைங்கள பத்தியும் சொல்லணும். வளைஞ்ச பாதத்தோட பிறக்குற குழந்தைக்கு பொன்செட்டி முறையில மாவுக்கட்டு போட்டு சில வாரத்துல பாதம் நேராகிடுது, பாக்க அவ்வளவு அழகா இருக்கு, அதனாலயே பெத்தவங்க அதுக்கப்புறம் போட வேண்டிய பிரேஸ, அந்த ஷூ மாட்டின பட்டைய நிறுத்திடுறாங்க. முதல் மூணு மாசம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் தூங்கும்போது மட்டும் நாலு வயசு வரைக்கும். பாதம் திரும்ப வளையறதுக்கு முக்கிய காரணமே பிரேஸ நிறுத்துறதுதான். குழந்தை அழுவுதுன்னு அம்மாவுக்கு மனசு கேக்காது, புரியுது, ஆனாலும் நிறுத்தாதீங்க. முதுகு வளைவுக்கு பெல்ட் போடுற பெரிய பிள்ளைங்களுக்கு வேற கஷ்டம், ஸ்கூல்ல கேலி. 2013ல வந்த ஒரு பெரிய ஆய்வுல பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்கு போகல, போடாதவங்கள்ல 48, அதுவும் எத்தன மணி நேரம் போடுறாங்களோ அவ்வளவு பலன். இத ஒரு பதினாலு வயசு பொண்ணுக்கு நேரா சொன்னோம், அவளே டைம் எழுத ஒரு நோட்டு வச்சுக்கிட்டா.

தோற்றம் பத்தி குழுவுக்குள்ளயே ஒரு வாக்குவாதம் வந்துச்சு. ஒரு தங்கச்சி தோல் நிறத்துல சிலிக்கான் கவர் போட்ட செயற்கைக் கை கேட்டாங்க, அதுல விரல் அசையாது, வேலை செய்யாத கைக்கு எதுக்கு செலவுன்னு சிலர். நான் அந்த தங்கச்சி பக்கம்தான் நின்னேன், இப்பவும் நிக்கிறேன். எகிப்துல லக்சர் பக்கத்துல ஒரு பொம்பளையோட மம்மில மரமும் தோலும் சேர்த்து செஞ்ச கால் கட்டைவிரல் கிடைச்சது, ஏறக்குறைய 3000 வருஷப் பழசு. தேய்மானம் இருக்கு, அதே மாதிரி ஒன்னு செஞ்சு விரல் இல்லாதவங்க காலுல மாட்டி நடக்க வச்சும் பாத்தாங்க, நடக்க உதவுது. ஆனா அதுல நகத்தையும் செதுக்கி இருக்காங்க! நடக்க நகம் வேண்டாம். அன்னைக்கு அந்த அம்மாவுக்கு வேணும்னு தோணியிருக்கு, இந்த தங்கச்சி கேட்டா மட்டும் வீண் செலவா? கவர் போட்ட கையோடதான் போன மாசம் இன்டர்வியூக்கு போயிட்டு வந்தாங்க.

வீடு வீடா வந்த தன்னார்வலர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு சாக்கெட் தேய்ச்சு சரி பண்ணி குடுத்த டெக்னீஷியன் அண்ணனுக்கும் நன்றி. வர்ற வருஷம் புதுசா கால் வாங்குற ஒவ்வொருத்தரையும் ஒரு மாசம், மூணு மாசம், ஆறு மாசத்துல நேர்ல பாக்கணும்னு தீர்மானம் வச்சிருக்கோம், கை தூக்கி நிறைவேத்திக் குடுங்க. இன்னும் நாங்க வராத வீடுகள் இருக்கு. உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ மாட்டாம வச்சிருக்குற கால், காலிப்பர், பெல்ட் எது இருந்தாலும் வாசல்ல இருக்குற நோட்டுல பேர எழுதிட்டு போங்க, ஏன் மாட்டலன்னு எழுத வேண்டாம், அத நாங்க நேர்ல வந்து கேட்டுக்குறோம்.

இப்படிக்கு,
செயலாளர்