நான் வராத நாளுக்கு ஒரு நோட்டு

ஏற்காடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். அம்மா நலம், பெரியவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் டைபாய்டு வந்து ஒன்பது நாள் சேலத்தில் படுத்துக் கிடந்தேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, அதனால் கீழேயிருந்து ஒரு டீச்சரை மாற்றுப் பணியில் அனுப்பினார்கள். பாவம், 20 கொண்டை ஊசி வளைவும் தினம் தலைசுற்றலோடு ஏறி வந்திருக்கிறார். என் பாடக்குறிப்பு மேசை மேலேயே இருந்தது. கற்றல் விளைவு, துணைக்கருவி, மதிப்பீடு எல்லாம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிய நோட்டு, ஆனால் எந்தப் பிள்ளை தொடக்க நிலையான அரும்பு, எது நடுநிலையான மொட்டு, எது நன்றாகத் தேறிய மலர் என்று அதில் ஒரு வரி கிடையாது. 2022இல், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் நிலை பிரித்துச் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' அரசுத் திட்டம் வந்ததிலிருந்து மூன்று நிலையையும் ஒரே அறையில் வைத்துத்தானே ஓட்டுகிறோம், அந்தக் கணக்கெல்லாம் என் தலைக்குள்ளேயே இருந்துவிட்டது.

மூன்றாம் வகுப்பில் ஒரு சின்னப்பெண், அரும்புதான், ஜூனிலிருந்து என் காதோரம் மட்டும் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அவளை எழுப்பி எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மற்றவை சிரித்திருக்கின்றன. அந்த டீச்சர் மேல் தப்பே இல்லை, யார் சொன்னார்கள் அவருக்கு? பிள்ளை இப்போது என்னிடமும் வாய் திறப்பதில்லை செல்வி. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயரும் நிலையும், யாரை யார் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது என்பதும். அடுத்து, எழுத்து அட்டை எந்த அலமாரியில், பத்துப் பத்தாய் எண்ண வைத்திருக்கும் மிளகு எந்த டப்பாவில் என்று. டிசம்பர், ஜனவரியில் அப்பா அம்மா காபிப் பழம் பறிக்கப் போனால் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிடும், பாதி வகுப்புதான் இருக்கும். அந்த நாட்களில் புதுப் பாடம் தொடங்காமல் பழையதையே விளையாட்டாக நடத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். 'இவளைத் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்' என்பதைச் சிவப்பு மையில்.

பூபதி சார் பயிற்சியிலேயே இதைச் சொன்னார், நீதான் கடைசி பெஞ்சில் என்னைப் பேச்சில் இழுத்துக்கொண்டிருந்தாய்!

பதினெட்டு வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவள் நீ. முகம் தெரியாத டீச்சர் உள்ளே வந்ததும் முதல் அரைமணி நேரம் பிள்ளைகளிடம் என்ன செய்யலாம்? அதை மட்டும் எழுதி அனுப்பு. அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

உன்,
இந்திரா