ரிங்கைச் சரிசெய்யுங்கள், பிறகு பிள்ளைகளின் உயரத்தைப் பேசலாம்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் நம் கல்லூரியின் முன்னாள் மாணவி. 2009 முதல் 2012 வரை இங்கே கணிதம் படித்தேன். மூன்று வருடமும் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடினேன். இப்போது கடலூர் முதுநகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். சனி, ஞாயிறு காலைகளில் நம் கிரவுண்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன். உடற்கல்வி இயக்குநர் ஒருவரே ஆண்கள் கபடியிலிருந்து பெண்கள் கோகோ வரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதால் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன்.

சென்ற திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பிள்ளைகள் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். அணியின் ஆட்டம் திருப்தியாக இல்லாததால் இனி ஓ.டி. (ஆடப் போகும் நாட்களுக்கான 'ஆன் டியூட்டி' வருகைப் பதிவு) கிடையாது, அடுத்த போட்டிக்குப் பயணச் செலவும் கிடையாது என்று அதில் இருந்தது. அதற்கு முன்பே அலுவலகத்தில் வைத்து, "உயரமே இல்லாத பிள்ளைங்கள வச்சிக்கிட்டு இந்த ஆட்டம் எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி பிள்ளைகளை எப்படிக் குத்தியது என்பதை நான் நேரில் பார்த்தேன். அதனால்தான் இந்த மடல்.

சீசன் தொடங்கி ஐந்து ஆட்டம் ஆடியிருக்கிறோம். ஒன்றில் வெற்றி, நான்கில் தோல்வி. அதை நான் மறைக்கவில்லை. எப்படித் தோற்றோம் என்பதைத்தான் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நான்காவது குவார்ட்டர், 30 விநாடி பாக்கி, நாம் ஒரு புள்ளி முன்னிலை. எதிரணிப் பெண் மூலையிலிருந்து எறிந்தாள். பந்து ரிங்கில் பட்டு, கீழே காத்திருந்த நம் மூன்று பிள்ளைகளின் தலைக்கு மேலே பறந்து எதிர்ப் பக்கம் போனது. அங்கே அவர்கள் ஆள் நின்றாள். தவறிய பந்தை எறிந்த அணியே பிடித்தால், அதாவது ரீபவுண்டு எடுத்தால், எறிய எவ்வளவு நேரம் பாக்கி என்று காட்டும் ஷாட் கடிகாரம் மறுபடி 14 விநாடிக்குத் திரும்பும். மறுபடி எறிந்தார்கள். மறுபடி தவறியது. மறுபடி பந்து நம் தலைக்கு மேலே போனது, மறுபடி 14 விநாடி. மூன்றாவது முறை உள்ளே விழுந்தது. நாம் பந்தை எடுத்துத் திரும்புவதற்குள் விசில் ஊதிவிட்டது. ஒரு புள்ளியில் தோல்வி. நல்ல தடுப்பாட்டம் ஆடி இரண்டு முறை அவர்களைத் தவறவைத்த பிள்ளைகள், பந்து மட்டும் கைக்கு வராமல் தோற்றார்கள்.

கணக்கு டீச்சர் என்பதால் கையில் நோட்டு இல்லாமல் எங்கும் போக மாட்டேன். நான் நேரில் பார்த்த மூன்று ஆட்டங்களில் எதிரணி தவறவிட்டுத் தானே திரும்ப எடுத்த பந்துகள் 47. நாம் அப்படி எடுத்தவை 19. அதாவது 28 வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல். நான்கு தோல்விகளில் மூன்று, ஐந்து புள்ளிக்குள் முடிந்தவை. தோல்விக்கு வேறு காரணம் தேடிப் போக வேண்டியதில்லை, எல்லாம் ரீபவுண்டில்தான் இருக்கிறது.

ரீபவுண்டு ஏன் கிடைக்கவில்லை? நான் கேட்டபோது எங்கள் சென்டர் (ரிங்கின் அருகே நின்று ஆடுபவள்), 11ஆம் நம்பர் பனியன் போடுகிற பிள்ளை, ஒரே வரியில் சொன்னாள்: "அக்கா, அங்கெல்லாம் பந்து தூரமாப் போவுதுக்கா. நம்ம கிரவுண்டுல காலடியிலயே வுழும்." அவள் சொன்னதைத்தான் நான் இரண்டு வாரமாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் கோர்ட்டின் கிழக்குப் பக்கக் கம்பம் 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயலில் சாய்ந்தது. அப்போது நான் மூன்றாம் வருடம். விடுமுறை முடிந்து வந்தபோது அது முட்டி மடங்கிக் கிடந்தது. பிறகு அதை நிமிர்த்தி, வளைந்த இடத்தை அறுத்து, மிச்சத்தை வெல்டிங் வைத்தார்கள். புதுக் கம்பம் அடுத்த வருடம் வரும் என்றார்கள். இத்தனை வருடத்தில் அந்த அடுத்த வருடம் வரவேயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்த கொத்தனாரிடம் டேப் வாங்கி வந்து பிள்ளைகளோடு அளந்தேன். ரிங்கின் உயரம் 9 அடி 8 அங்குலம். முன்பக்கம் இன்னும் அரை அங்குலம் தொங்குகிறது. ரிங்கின் பின்னால் போர்டு இருக்க வேண்டிய இடத்தில் பலகைமேல் அடித்த தகரம். அதன் ஆணிகள் கழன்று, தட்டினால் டப்டப்பென்று சத்தம் வருகிறது. ரிங்கைப் பிடித்திருக்கும் நான்கு போல்டில் இரண்டைக் கடற்காற்று தின்றுவிட்டது. கையால் ஆட்டினால் ரிங் ஆடுகிறது.

1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் பழக்கூடையை அடித்தார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. அன்று வைத்த 10 அடி, அதாவது 3.05 மீட்டர், இன்றுவரை மாறவில்லை. நம் பிள்ளைகள் தினமும் பழகுவது அதைவிட நான்கு அங்குலம் குறைவான ரிங்கில்.

இதனால் என்ன நடக்கிறது? குறைந்த உயரத்துக்குப் பழகிய கை, சரியான ரிங்கில் எறியும்போது பந்து முன்விளிம்பில் இடிக்கிறது. ஷாட் தவறுகிறது. அது ஒரு நஷ்டம். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். ஆடுகிற ரிங்கிலும் தகரத்திலும் பட்ட பந்து வேகம் செத்து நேர்கீழே விழும். ஆகவே நம் பிள்ளைகள் தவறிய பந்துக்கு ரிங்கின் அடியிலேயே கூடி நிற்கப் பழகிவிட்டார்கள். வெளியூர் கோர்ட்டில் அக்ரிலிக் போர்டு, அசையாத ரிங். அங்கே பந்து துள்ளி ஆறடி, ஏழடி வெளியே போகும். மூலையிலிருந்து எறிந்த பந்து தவறினால் பெரும்பாலும் எதிர்ப் பக்கம்தான் விழும். அந்த இடத்தில் எதிராளியை முதுகால் அடைத்து நிற்பதுதான் பாக்ஸ் அவுட். இதையெல்லாம் வாயால் எத்தனை முறை சொன்னாலும், கண்ணும் காலும் பழக வேண்டும். பந்து துள்ளாத இடத்தில் துள்ளலை எப்படிப் பழக்குவது?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். கோர்ட்டின் இரண்டு பக்கமும் சரியான உயரத்தில் கம்பமும் நல்ல போர்டும் உறுதியான ரிங்கும் வைத்துக் கொடுங்கள்.

உயரம் பற்றிக் கேட்டீர்கள். உயரம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன் ரீபவுண்டில் முதலிடம் பிடித்த டென்னிஸ் ராட்மனின் உயரம் 2.01 மீட்டர். ஏழடி ஆட்களுக்கு நடுவே அவர் குள்ளம்தான். சக வீரர்கள் பயிற்சியில் எறியும்போது ஒவ்வொருவர் பந்தும் எத்தனை சுற்று சுற்றுகிறது, எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று உட்கார்ந்து கவனிப்பார் என்பார்கள். ரீபவுண்டு என்பது அந்தக் கவனிப்பு. நம் மாநிலத்திலேயே அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கூடைப்பந்து நம் ஊர்ப் பெண்களுக்கு எட்டாத ஆட்டம் இல்லை. நம் பிள்ளைகளுக்கும் கவனம் இருக்கிறது. கவனித்துப் பழக ஒரு ஒழுங்கான போர்டு இல்லை.

அந்த 11ஆம் நம்பர் பிள்ளையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கத்து கிராமம். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு ஐந்தே காலுக்குப் பஸ் ஏறுகிறாள். கோர்ட்டின் சிமெண்ட் பெயர்ந்து ஜல்லி தெரிகிற இடம், சரியாக ரிங்கின் கீழேதான். ரீபவுண்டுக்குக் குதித்தவர்கள் இறங்குவது அதன்மேல்தான். போன மாதம் குதித்து இறங்கியபோது கால் மடங்கி விழுந்தாள். முட்டியில் தோல் உரிந்து, உள்ளே பொடிக்கல். குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு கல்லாக நான் எடுத்தேன். அவள் அழவில்லை. "வீட்ல சொல்லாதீங்கக்கா, அப்பா நிறுத்திடுவாரு" என்றாள். மறுநாள் முட்டியில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்தில் அவள் முழுதாகக் குதிப்பதில்லை. கால் தானாகவே தயங்குகிறது. ஆட்டத்திலும் அந்தத் தயக்கம் தெரிகிறது. அந்தப் பிள்ளையை நிற்கவைத்துத்தான் உயரம் போதாது என்று சொன்னார்கள்.

மேற்குப் பக்க ரிங்கில் ஆடலாமே என்று கேட்கலாம். அந்தப் பாதிக் கோர்ட் டூவீலர் ஸ்டாண்டாகி நான்கு வருடம் ஆகிறது. முழுக் கோர்ட்டில் ஓடாத பிள்ளைகள் போட்டியில் 28 மீட்டர் ஓடி மூச்சு வாங்குகிறார்கள். மூன்றாவது குவார்ட்டருக்கு மேல் ரீபவுண்டு இன்னும் குறைவதற்கு அதுவும் காரணம். மாலை நான்கு மணிக்கு மேல் கிரவுண்டுப் பக்கக் கழிவறையையும் பூட்டிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் ஐந்தரை வரை பயிற்சி செய்துவிட்டு, உடை மாற்ற இடமில்லாமல் வியர்த்த பனியன்மேலேயே சுடிதார் டாப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறார்கள். ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவரிடமும் விளையாட்டுக் கட்டணம் வாங்குகிறோம். அட்மிஷன் சமயத்தில் நுழைவாயிலில் கட்டுகிற பேனரில் பந்தோடு குதிக்கிற பெண்ணின் படத்தைப் போடுகிறோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்த பிள்ளைக்கு இரண்டாம் வருடம் ஓ.டி. இல்லை என்றால், வருகைப் பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போகும். அப்படியானால் எதற்குச் சேர்த்தோம்? எந்த முகத்தோடு அந்தப் பெற்றோருக்குப் பதில் சொல்வோம்?

மன்னிக்கவும், வேகத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. தங்கள்மேல் எனக்கு மரியாதை குறைவில்லை. இந்தக் கல்லூரி எனக்கு வேலையும் வாழ்க்கையும் கொடுத்தது. கட்டடமும் லேபும் என்று ஆயிரம் செலவு இருக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் இதே போர்டு, ரிங் விஷயமாக உடற்கல்வித் துறை மூலம் இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம். இரண்டின் நகலிலும் 'பெறப்பட்டது' முத்திரை இருக்கிறது. பதில் வரவில்லை. இப்போது வந்திருப்பது ஓ.டி. ரத்து.

காலமும் அதிகமில்லை. அக்டோபரில் வடகிழக்கு மழை பிடித்தால் டிசம்பர் முடியும்வரை நம் ஊரில் குழி தோண்டிக் கான்கிரீட் போட முடியாது. 2024இல் ஃபெங்கல் புயலின்போது ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் கிரவுண்டு காய்ந்து பிள்ளைகள் பந்தைத் தொட வெகுநாள் ஆனது. கம்பம் நட்டுக் கான்கிரீட் இறுகக் குறைந்தது மூன்று வாரமாவது வேண்டும். இந்த மாதமே வேலையைத் தொடங்கினால் மழைக்கு முன் முடித்துவிடலாம். என் செட் பிள்ளைகள் ஒன்பது பேர் பேசிவிட்டோம். செலவில் ஒரு பங்கை நாங்கள் ஏற்கிறோம். தரையில் ஜல்லி தெரியும் இடத்தைப் பூசுகிற கூலியை முழுவதுமே தருகிறோம். தங்கள் அனுமதி கிடைத்தால் போதும்.

எனவே தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஓ.டி. ரத்து செய்த அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். டூவீலர்களை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, இரண்டு பக்கமும் 10 அடியில் நல்ல போர்டும் ரிங்கும் வைத்துக் கொடுங்கள். அதில் மூன்று மாதம் பழகிய பிறகும் இந்தப் பிள்ளைகள் ரீபவுண்டு எடுக்கவில்லை என்றால், தாங்கள் சொல்கிற எதையும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு கிரவுண்டில் இருப்பேன். டேப் என் பையில்தான் இருக்கிறது. தாங்கள் வந்தாலும் சரி, ஒருவரை அனுப்பினாலும் சரி, கூடவே நின்று அளந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவி,
பெண்கள் கூடைப்பந்து அணி, 2009-2012
கடலூர் முதுநகர்