மரோஸ்திகாவுக்குப் போகுமுன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஜூன் முதல் வாரம் வெனிஸ் என்று முடிவானதில் மகிழ்ச்சி. அதில் ஒரு நாளை ஒதுக்கி, பெண்ணுக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு கோட்டை ஊர் சொல் என்று கேட்டிருந்தாய். அவள் சதுரங்கம் ஆடுகிறவள், அதனால் யோசிக்கவே இல்லை. மரோஸ்திகா போங்கள். ஆனால் ஊர்ச் சதுக்கத்தின் தரையில் பதித்த பெரிய சதுரங்கக் கட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடாதீர்கள். வருகிறவர்களில் பலர் அப்படித்தான் போகிறார்கள். அந்த ஊரில் பார்க்கவேண்டியது மதில்.

வடகிழக்கு இத்தாலியின் வெனெத்தோ சமவெளி முடிந்து மலையடி தொடங்கும் இடம் அது. கீழே சதுக்கத்தை ஒட்டி ஒரு கோட்டை, பௌசோலினோ குன்றின் தலையில் இன்னொரு கோட்டை. வெரோனாவை ஆண்ட ஸ்காலா குடும்பத்தின் கான்கிராந்தே 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த இரட்டைக் கோட்டைக்கு வித்திட்டார். இரண்டையும் இணைக்கும் மதிலை 1372இல் அதே குடும்பத்தின் கான்சிஞோரியோ தொடங்கினார். ஏன் இத்தனை பாடு என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் புரியும். கீழ்க்கோட்டை மட்டும் இருந்தால் எதிரி குன்றைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து ஊரைத் தாக்குவான். மேல்கோட்டை மட்டும் இருந்தால் காவலர்கள் பிழைப்பார்கள், சந்தையும் வீடுகளும் போய்விடும். அதனால் சரிவையும் சேர்த்தே வளைத்துக் கட்டினார்கள். மதிலுக்கு உள்ளே இருந்தும் அந்தச் சரிவின் பெரும்பகுதியில் வீடே இல்லை, மரங்கள்தான். அந்த வெற்றிடத்தைக் கவனி. குடியிருப்புக்காக அல்ல, உயரத்தைக் கைவிடாமல் இருப்பதற்காகவே வளைத்த இடம் அது.

மதிலின் உச்சிப் பற்கள் நடுவில் பிளந்திருப்பதையும் பெண்ணுக்குக் காட்டு. ஸ்காலா குடும்பம் கட்டிய சிர்மியோனே, சோவாவே கோட்டைகளிலும் இதே வடிவத்தைப் பார்க்கலாம்.

போனதும் முதலில் மேலே ஏறிவிடுங்கள். கார்மினி தேவாலயத்தின் பக்கத்திலிருந்து ஒரு பாதை வளைந்து வளைந்து மேல்கோட்டைக்குப் போகிறது. நிதானமாக ஏறினால் அரை மணி நேரம் போதும். மதிய வெயிலில் அதே பாதை ஆளைச் சோர்த்துவிடும், வெப்ப மூட்டத்தில் சமவெளியும் சரியாகத் தெரியாது. கல் பரவிய தடம், ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். உன் மனைவிக்கு முழங்கால் வலி இன்னும் இருந்தால் வற்புறுத்தாதே. மேலே கார்ச் சாலை உண்டு, டாக்சியில் போய் நடந்து இறங்குவதைவிட, போகவர டாக்சியே நல்லது.

இறங்கிய பிறகு கீழ்க்கோட்டை. மனிதர்களே காய்களாக நிற்கும் சதுரங்க விழாவின் உடைகளை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாளே பார்த்துக்கொள். வெளியே தூணின் மேல் புனித மாற்குவின் சிங்கம் நிற்கும். 1404இல் ஊர் வெனிஸின் கைக்கு வந்ததன் அடையாளம்.

இப்போது சதுரங்கம். விழாவின் கதை இது: 1454இல் கோட்டைத் தலைவரான தத்தேயோ பாரீசியோவின் மகள் லியோனோராவை இரண்டு பிரபுக்கள் விரும்பினார்கள். அவர் வாள்சண்டையைத் தடுத்து, சதுரங்கத்தில் வென்றவனுக்கு லியோனோரா, தோற்றவனுக்கு அவரது தங்கை ஓல்ட்ராதா என்று முடிவு செய்தார். கேட்பவர்கள் இதை வரலாறு என்றே நம்பிவிடுகிறார்கள். உண்மையில் ஆட்டம்தான் முதலில்: 1923இல் மாணவர்கள் மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடினார்கள். கதை பிறகு வந்தது, 1954இல் மிர்கோ வுச்செதிச் எழுதியது. பெண்ணிடம் இதையும் சொல்: 1454இல் ராணி குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகரும். இன்றைய நீண்ட ஓட்டம் அந்த நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் பக்கம் பிறந்தது. லியோனோராவுக்காக ஆடியிருந்தால் அது மிக மெதுவான ஆட்டமாக இருந்திருக்கும்! விழா இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் இரண்டாம் வாரக் கடைசியில் நடக்கும், ஐந்நூறு பேருக்கு மேல் வேடமிடுவார்கள். நீங்கள் அதைப் பார்க்க முடியாது. ஆனால் ஜூனில் பார்வையாளர் மேடைகள் இல்லாததால் சிவப்பும் வெள்ளையுமான கட்டங்கள் முழுதாகக் கிடைக்கும், அவள் ராஜாவின் இடத்தில் நிற்கலாம்.

பயணத்துக்கு வருகிறேன். மரோஸ்திகாவில் ரயில் நிலையம் இல்லை. வெனிஸ் சாந்தா லூச்சியாவிலிருந்து பஸ்ஸானோ தெல் கிராப்பாவுக்கு நேரடி உள்ளூர் ரயில் உண்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். முன்பதிவு தேவையில்லை, கட்டணம் எப்போதும் ஒன்றே. தாள் சீட்டு வாங்கினால் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திய பிறகே ஏறு. பணம் கட்டியிருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்தான். பஸ்ஸானோவிலிருந்து ஏழு கிலோமீட்டர். விசென்சா போகும் பேருந்துகள் மரோஸ்திகா வழியாகப் போகும். சீட்டைப் புகையிலைக் கடையிலேயே திரும்பி வருவதற்கும் சேர்த்து வாங்கிவிடு. கார் எடுத்தால் மதிலுக்கு வெளியே நிறுத்து. இத்தாலியப் பழைய ஊர்கள் பலவற்றின் நடுவே வெளி வண்டிக்குத் தடை உண்டு, காமிரா படம் பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

நல்ல பருவத்தில் போகிறீர்கள். மரோஸ்திகா செர்ரி அப்போது சந்தைக்கு வந்திருக்கும், 2002இல் புவிசார் பாதுகாப்புப் பெற்ற பழம். பஸ்ஸானோவின் வெள்ளை அஸ்பாரகஸ் அறுவடை ஜூன் 13, புனித அந்தோணியார் திருநாளோடு முடிகிறது. அவித்த தண்டோடு அவித்த முட்டையை வைப்பார்கள். முட்டையை மசித்து எண்ணெய், வினிகர், உப்பு, மிளகு சேர்த்துத் தொட்டுச் சாப்பிடவேண்டும். முட்டையும் தொடாதவர்கள் என்றால் கவனம் தேவை. ரிசோத்தோ பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வேகும், பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பை நொதி சேரும். 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் இவை இரண்டும் தட்டுக்கு வந்துவிடும், தனித்தனியாகக் கேட்கவேண்டும். மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறைகள் மூடிவிடும், அதற்குமுன் உட்கார்ந்துவிடுங்கள்.

காப்பி குடிக்கும்போது ஒருவரை நினைத்துக்கொள். 1553இல் இந்த ஊரில் பிறந்த ப்ரோஸ்பெரோ அல்பினி, காப்பிச் செடியை ஐரோப்பியருக்கு முதலில் விவரித்தவர்களில் ஒருவர். எகிப்தில் பார்த்ததை 1592இல் எழுதி வெளியிட்டார்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் பஸ்ஸானோவில் மரப்பாலத்தின்மேல் நடந்து வாருங்கள். கட்டடக் கலைஞர் பல்லாதியோ 1569இல் வரைந்த வடிவம். பிரென்தா ஆற்றின் வெள்ளமும் போரும் பலமுறை அழித்தன, ஒவ்வொரு முறையும் அதே வடிவில் எழுப்பினார்கள்.

எந்தத் தேதி என்று எழுது. ஞாயிறாக இருந்தால் பேருந்து குறைவு, பஸ்ஸானோவிலிருந்து டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்