கற்பூரம் வேண்டாம்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பொகவந்தலாவையில் ஒரு வாரமாக விடாத மழை. பீலியில் தண்ணீர் கலங்கலாகத்தான் வருகிறது.

நேற்று ராத்திரி நீ போனில் அழுததைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி எனக்கு மறந்துபோகும், மீதியை அம்மா பிடுங்கிக்கொள்வாள். 47 நாள் தொடாமல் இருந்துவிட்டு, சம்பளத்தன்று கடைப் பொடியன்களோடு போய்க் குடித்துவிட்டாய். "எல்லாம் போச்சு அப்பா, ஊருக்கு வந்து அம்மா முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்" என்றாய்.

செய்யாதே ராசா. அந்தச் சத்தியத்தை நான் எத்தனை தடவை செய்தவன் தெரியுமா? மாரியம்மன் கோயிலில், அம்மா தலையில் கை வைத்து, ஒரு தடவை தொட்டிலில் கிடந்த உன் தலையிலும். ஒரு ராத்திரி தவறிவிட்டால், மறுநாள் வீட்டில் முகம் காட்ட வெட்கம். அந்த வெட்கத்தை மறக்க மறுபடி தவறணைக்குப் போய்க் குடிப்பேன். சத்தியம்தான் உடைந்துவிட்டதே, இனி என்ன என்று ஒரு மாதம் ஓடிவிடும். நீ குடித்தது ஒரு ராத்திரி. அந்த 47 நாளும் நீ இருந்து காட்டியதுதான், எங்கேயும் போகவில்லை.

ஒரு தைப்பூசத்துக்குச் சத்தியம் செய்து திடீரென்று நிறுத்தினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகத் தெரிந்தது. லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வருஷக் கணக்கில் தினமும் குடித்தவன் மருந்தில்லாமல் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் ஏசினார். விற்றமின் பி1 ஊசியும் போட்டார்கள். உனக்கு அந்த அளவு பழக்கம் இல்லை. ஆனாலும் எப்போதாவது விட்ட பிறகு கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால், அறையில் படுத்துக்கொண்டு வீரம் காட்டாதே.

ஆஸ்பத்திரியில் இருந்த ஆலோசகர் பிள்ளை என்னிடம் சத்தியம் கேட்கவில்லை. "ஐயா, எத்தனை மணிக்கு நினைப்பு வரும்?" என்று கேட்டாள். என்னை அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் தினமும் ஐந்தரை மணி. மலையிலிருந்து இறங்கி, பசியோடு, தவறணை இருக்கிற முடக்கைத் தாண்டுகிற நேரம். வைராக்கியமாவது மண்ணாங்கட்டியாவது, நான் முதலில் மாற்றியது பாதையைத்தான். தேயிலைக் கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் சுற்றி வந்தேன், இருபது நிமிஷம் கூட. சம்பளத்தை அம்மாவே வாங்கினாள். வந்ததும் பேச்சு வார்த்தை இல்லை, முதலில் இரண்டு ரொட்டி, கட்டைச் சம்பல், தேத்தண்ணி. பாதி நினைப்பு வயிற்றில்தான் இருந்தது.

மீதிப் பாதிக்கு வாசலில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன். அந்த ஆசை ஏறும், நெஞ்சை அடைக்கும், இனி விடாது போலத் தோன்றும். அரை மணிக்குள் இறங்கிவிடும். எதிர்த்துச் சண்டை போட்டால்தான் முறுக்கிக்கொள்கிறது. "வந்திருக்கிறாயா, சரி, இரு" என்று பார்த்துக்கொண்டிருந்தால் களைத்துப்போகிறது. முதல் மாதம் தினமும் வந்தது. இப்போதும் சாவு வீட்டில் பறைச் சத்தம் கேட்டால் ஒரு தடவை எட்டிப் பார்க்கும்.

உன் ஐந்தரை மணி எது என்று கண்டுபிடி. சம்பளத்தன்று கடை மூடும் நேரமா? அப்படியென்றால் ஏடிஎம் கார்ட் அக்காவிடம் இருக்கட்டும், வத்தளையில் தானே இருக்கிறாள். யாராவது வற்புறுத்தினால் காரணம் சொல்லிக்கொண்டு நிற்காதே, "வேணாம்" போதும். கையில் ஒரு சோடாவைப் பிடித்துக்கொள். வெறுங்கையைக் கண்டால்தான் ஊற்ற வருவார்கள். பௌர்ணமிப் போயாவுக்குச் சாராயக் கடை மூடும் என்று முதல் நாளே போத்தல் வாங்கி ஒளித்தவன் நான். அந்தக் கெட்டித்தனத்தை இந்தப் பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை சொன்ன ஒரு கதை எனக்குப் பிடிக்கும். 1935இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில், குடியை விட்டுச் சில மாதமே ஆன ஒருவர் ஹோட்டலில் தனியாக நின்றாராம். பக்கத்தில் பார். உள்ளே போகாமல் போனை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் இந்த ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறார். கிடைத்தவர் ஒரு சத்திர சிகிச்சை வைத்தியர். அந்த இரண்டு பேரும் பேசத் தொடங்கியதுதான் இன்று உலகமெல்லாம் குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஏஏ கூட்டங்கள். உனக்குத் தேடி அலைகிற வேலை இல்லை. உன் அப்பனே பழைய குடிகாரன். நடுச்சாமமானாலும் எடு. நான் எடுக்காவிட்டால், மனம் ரொம்பக் கனத்தால், 1926க்கு எடு. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம்.

வருகிற போயா லீவுக்கு ரயிலில் வா. ஹட்டன் ஸ்டேஷனில் நிற்பேன். பஸ் ஏற எந்தப் பக்கமாக நடப்பது என்று எனக்குத் தெரியும். அம்மா கற்பூரப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள். நீ வருவதற்குள் வெள்ளிக்கிழமை விளக்கோடு சாமிக்குக் கொளுத்தி முடித்துவிடச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா