முதல் ஆல்பத்தை இரைச்சல் என்று ஒதுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பின்லாந்தின் நைட்விஷ் என்னும் மெட்டல் (கனத்த ராக்) இசைக்குழு 1997-இல் வெளியிட்ட 'ஏஞ்சல்ஸ் ஃபால் ஃபர்ஸ்ட்' என்னும் முதல் ஆல்பத்தைப் பற்றிச் சென்ற இதழின் இசைப் பக்கத்தில் படித்தேன். பாடகியின் குரலையும் பெரிய ஆர்கெஸ்ட்ராவையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது இரைச்சல்தான் என்று ஒரே வரியில் தங்கள் விமர்சகர் தீர்ப்பளித்திருக்கிறார். அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

அந்த ஆல்பத்தில் ஆர்கெஸ்ட்ராவே கிடையாது. ஆர்கெஸ்ட்ரா போல ஒலிப்பதெல்லாம் குழுவின் துவோமாஸ் ஹோலோபைனன் வாசித்த கீபோர்டு. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு நெடுங்காலமாகக் கீபோர்டு வாசித்து வருபவன் நான். கருவியில் வயலின் கூட்டத்தின் ஒலியைத் தேர்ந்து வாசித்தால் சுரங்கள் எல்லாம் ஒரே சீராக எழுமே தவிர, வில் கம்பியில் உராயும் பிசிறோ, பலர் சேர்ந்து வாசிக்கையில் நேரும் நுண்ணிய முன்பின்னோ அதில் வராது. இக்குழு உண்மையான ஆர்கெஸ்ட்ராவை அழைத்தது 2002-இல், 'செஞ்சுரி சைல்ட்' ஆல்பத்துக்காக. தாங்கள் அறியாததன்று, ஆயினும் அச்சேறும் முன் ஒருவரும் கவனிக்கவில்லை.

குறைகள் இல்லையென்று நான் வாதாடவில்லை. அப்போது குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாததால் கிட்டார் கலைஞர் எம்ப்பு வுவோரினனே அதையும் வாசித்தார். அடித்தளம் மெலிந்து ஒலிப்பதை இன்றும் கேட்கலாம். ஆண் குரலில் வரும் பகுதிகளை ஹோலோபைனனே பாடியிருக்கிறார். அக்குரலில் உறுதியில்லை, பாடகி தார்யா துருனனின் பயிற்சி பெற்ற குரலுக்கு அருகே அது தடுமாறுகிறது. 1998-இல் வந்த அடுத்த ஆல்பத்தில் ஹோலோபைனன் பாடாமல் வேறொருவரை அழைத்தார்கள் என்பதே போதிய சான்று. இவற்றை எடுத்துக்காட்டியிருந்தால் விமர்சகருக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

ஆனால் இரைச்சலா? கிட்டார், கீபோர்டு, பெண் குரல் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, டிரம்ஸ் இன்றி 1996-இல் தொடங்கிய முயற்சி இது. அந்த மென்மை ஆல்பம் நெடுகிலும் இருக்கிறது; தலைப்புப் பாடலே மெல்லிய இசைதான். இறுதியில் வரும் 'லாப்பி' என்னும் நான்கு பகுதித் தொடர், வடக்கே உள்ள லாப்லாந்து நிலத்தைப் பாடுகிறது. அதன் முதற்பகுதியை இருபது வயதை ஒட்டிய தார்யா தம் தாய்மொழியான பின்னிஷில் பாடுகிறார். தமிழை வீட்டிலும் மலையாளத்தைப் பள்ளியிலும் பேசி வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது, மொழி தெரியாமலே அமைதியாகக் கேட்டார்கள். பிற்கால ஆல்பங்களின் பிரம்மாண்டத்தை அளவுகோலாக வைத்து முதல் முயற்சியைச் சிறுமைப்படுத்துவது, கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மாவட்டத்துக்காரனான எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு பாடகரின் அரங்கேற்றத்தை அவருடைய முதிர்ந்த கச்சேரியோடு ஒப்பிட்டு இங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

திரையிசை அல்லாத எதையும் தங்கள் இசைப் பக்கம் அரை மனத்துடனேயே தொடுகிறது என்பது என் நெடுநாள் வருத்தம். எல்லைக்கு இப்பால் வரும் பிரதிகளில் அப்பக்கம் பல மாதங்கள் இருப்பதே இல்லை. அதுபற்றி எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. கிடைக்கும் ஒரு பக்கத்தையாவது சரிபார்த்துத் தரக்கூடாதா? தமிழில் இத்தகைய இசையைப் பற்றிப் படிக்க எங்களுக்கு வேறு இடம் எது?

ஆர்கெஸ்ட்ரா பற்றிய பிழைக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி எந்த ஆல்பத்தை மதிப்பிட்டாலும், எந்தக் கருவியை யார் வாசித்தார் என்பதை ஒரு வரியிலாவது குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்