மூட்டை தூக்கும் அண்ணன்மாருக்கும் காக்காமாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய சங்கத் தலைவர், செயலாளர் அவர்களுக்கும், சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவுப் பக்க அரிசி மில்களில் மூட்டை தூக்கும் அண்ணன்மார், காக்காமார் எல்லோருக்கும் வணக்கமும் ஸலாமும்.

நான் சங்கத்தில் அங்கத்தவர் அல்ல. உங்களோடு இருபத்து மூன்று வருடம் மூட்டை தூக்கி, நாட்டாமை வேலை செய்த ஒருவரின் மகள். போன மாதப் பொதுக்கூட்டத்துக்கு அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கடைசி வாங்கில் இருந்தேன். அன்று சொல்ல நினைத்ததை எழுந்து சொல்லத் துணிவு வரவில்லை. எல்லோரும் வாசிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

முதலில் நன்றி. 2019 மே மாதம் அப்பா லொறியில் நெல் ஏற்றும்போது பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்தார். முள்ளந்தண்டில் அடி. வேலை நடந்த மில்லிலிருந்து ஐயாயிரம் ரூபாவும் ஒரு பை அரிசியும் வந்தன. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சங்கம்தான் வந்தது. மூன்று நாளில் 86,000 ரூபா சேர்த்து அம்மாவின் கையில் கொடுத்தீர்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஒரு ஊர்க்காரர் அடுத்த ஊருக்குப் போகவே யோசித்த நாட்கள். அப்போதுதான் அப்பாவோடு ஒரே செட்டில், ஒரே வேலைக் குழுவில், இருந்த முஸ்லிம் காக்கா ஒருவர், நோன்போடு, நான்கு இரவு ஆஸ்பத்திரி விறாந்தையில் படுத்தார். அப்பா இன்றைக்கும் அவரை 'மச்சான்' என்றுதான் கூப்பிடுகிறார். அதை நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம்.

ஊருக்கும் நீங்கள் செய்வது கொஞ்சமல்ல. மே தினத்தில் இரத்ததானம், ஜனவரியில் பிள்ளைகளுக்குக் கொப்பி, வெள்ளம் வந்தால் சமைத்த சாப்பாடு. மரண வீடென்றாலும் மையித்து வீடென்றாலும் கதிரையும் கூடாரமும் இறக்க முதலில் நிற்பது நீங்கள். 2004 சுனாமியில் இந்த அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்கள் போனார்கள். அந்த நாட்களில் நிவாரண லொறிகளைக் கூலி இல்லாமல் இரவு பகலாக இறக்கியவர்கள் யார் என்று அப்பா பெயர் பெயராகச் சொல்வார். அதில் பலர் தங்கள் வீட்டிலேயே ஆளைப் பறிகொடுத்தவர்கள்.

சரி, இனி என் மனதில் உறுத்துவதைச் சொல்கிறேன்.

அன்று கூட்டத்தில் ஒரு இளம் தம்பி எழுந்து, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டும் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டார். "நமக்கு அரசியல் வேண்டாம், சேவை போதும்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. மண்டபம் கைதட்டியது. நான் கைதட்டவில்லை. அப்பாவும் தட்டவில்லை.

அந்த 86,000 ரூபாவைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அது யாருடைய பணம்? நாள் முழுக்க மூட்டை தூக்கிய மற்ற நாட்டாமைமாரின் பணம். வேலைத்தளத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு வேலை கொடுத்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை. அவருடைய கடனை நீங்கள் உங்கள் மடியிலிருந்து அடைத்தீர்கள். யாரும் போய் அவருடைய கதவைத் தட்டிக் கேட்கவே இல்லை. உங்கள் நல்ல மனதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒவ்வொரு விபத்துக்கும் இப்படியே உண்டியல் குலுக்கினால், கொடுக்க வேண்டியவர்கள் ஒருநாளும் கொடுக்க மாட்டார்கள்.

சேமலாப நிதியும் அப்படித்தான். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், தற்காலிகமாகச் செய்தாலும், மூட்டைக் கணக்கில் கூலி வாங்கினாலும், அந்த ஆள் அதற்குள் வருவார். முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். அதற்கு மேல் முதலாளி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தக் கணக்கில் பார்த்தாலே முதலாளியின் பங்கு மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. அப்பாவுக்கு இருபத்து மூன்று வருடத்தில் ஒரு சதம் கட்டப்படவில்லை. இன்று அவர் மருந்துக்கு என் கையை எதிர்பார்க்கிறார். கேட்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்பார்.

"இவர்கள் என் ஆட்கள் இல்லை, செட்டுத் தலைவரின் ஆட்கள்" என்று மில்லில் சொல்வார்கள். "நானும் மூட்டை தூக்குகிறவன்தானே" என்று செட்டுத் தலைவர் சொல்வார். நெல் வாங்க வந்த வியாபாரி, தான் லொறிக்கு மட்டும்தான் பொறுப்பு என்பார். மூன்று பேருக்கும் நடுவில் நாட்டாமை நிற்பார். ஆனால் சட்டம் அவ்வளவு கண் தெரியாதது அல்ல. ஒருவருக்காக இன்னொருவர் ஆள் சேர்த்துக் கொடுத்தாலும், யாருக்காகச் சேர்த்தாரோ அவரும் தொழில்தருநர்தான். அதை நிரூபிக்க எந்த நாளில் எந்த மில்லில் யார் வேலை செய்தார் என்ற எழுத்துக் கணக்கு வேண்டும். அதுதான் நம்மிடம் இல்லை.

மூட்டையின் பாரத்தையும் சொல்ல வேண்டும். அப்பா தூக்கியதெல்லாம் அறுபத்தைந்து, எழுபது கிலோ. சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே, வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்துவிட்டது. சீமெந்து 50 கிலோப் பையில் வருகிறது. நெல்லுக்கு மட்டும் ஏன் முடியாது? காரணம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். கூலி மூட்டைக்கு. மூட்டை பெருத்தால் அதே கூலிக்குக் கூடுதல் நெல் ஏறும். அந்தக் கூடுதல் கிலோக்களை ஒரு மனிதனின் முதுகு இனாமாகச் சுமக்கிறது.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நெல்லுக்கு விலை அறிவித்தது. நாட்டு நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 ரூபா. போதாது என்று விவசாயிகள் குரல் கொடுத்தார்கள், அது அவர்களின் உரிமை. மில் உரிமையாளர்களும் தங்கள் பக்கத்தைப் பேசினார்கள். நெல்லை வயலிலிருந்து லொறிக்கும், லொறியிலிருந்து களஞ்சியத்துக்கும் தோளில் கொண்டுபோகிறவருக்காக யாராவது ஒரு வார்த்தை பேசியதாக நான் கேள்விப்படவில்லை. அரசியல் வேண்டாம் என்று நாம் ஒதுங்கினாலும் விலையும் கூலியும் மூட்டையும் அரசியலில்தான் தீர்மானமாகின்றன. நாம் அந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்சி வேண்டாம் என்றால் நானும் உங்கள் பக்கம். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்திய வாரங்களில் எத்தனை பேர் நம் கட்டடத்துக்கு வந்தார்கள்! எல்லோருக்கும் பொன்னாடை, எல்லோரோடும் படம். அவர்களிடம் சங்கம் எழுத்தில் எதைக் கேட்டது? பிரதேச சபையால் சேமலாப நிதியை வாங்கித் தர முடியாது. அதற்குத் தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டும். மூட்டையின் அளவை மாற்ற வேண்டுமென்றால் கொழும்பில், பாராளுமன்றத்தில் பேச ஆள் வேண்டும். ஆனால் மில் வீதியில் ஒரு மலசலகூடமும், குடிதண்ணீர்க் குழாயும், லொறி வரும்வரை வெயிலில் நிற்காமல் ஒதுங்க ஒரு கொட்டிலும் பிரதேச சபையால் செய்யக்கூடியவை. நாம் கேட்கவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. நடக்கும் காலத்தில் மறுபடி வருவார்கள். அப்போதாவது பொன்னாடைக்குப் பதிலாக ஒரு பக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்து, படிக்கச் சொல்லி, கையொப்பம் வாங்குங்கள்.

மூத்தவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் பேர் ஒரே அடியாக வேலையை இழந்தார்கள். அதற்குப் பிறகு யுத்தம். நான்கு பேர் கூடி நின்றாலே கேள்வி கேட்ட காலம். அந்தப் பயத்தோடு பிள்ளை வளர்த்தவர்களைப் பார்த்துக் கோழைகள் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் 1999இல் சட்டம் திருத்தப்பட்டது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவது இன்று குற்றம். பயப்பட வேண்டிய அளவு குறைந்திருக்கிறது என்பதை இளையவர்களுக்காவது சொல்லிக் கொடுங்கள்.

ஹர்த்தால் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் அன்றைய கூலி போச்சே என்ற கவலைதான். யாரோ அறிவிப்பார்கள், கடை பூட்டும், மில் பூட்டும், உலை வைக்க அரிசி இருக்காது. இதே சொல் 1953 ஆகஸ்ட் 12இல் வேறு அர்த்தத்தில் இருந்தது. பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதற்காக நாடு நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த ஒக்டோபரிலேயே பதவி விலகினார். அது சோற்றுக்காக நடந்தது. அதில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் இருந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பகுதியில் தமிழரும் முஸ்லிமும் ஒரே வாங்கில் இருந்து, ஒரே தேநீரைக் குடித்து, ஒரே கணக்கைப் பார்க்கிற இடங்கள் அதிகம் இல்லை. பிரதேச செயலகம் என்றால் பிரிவு, காணி என்றால் பிரிவு, தேர்தல் என்றால் சொல்லவே வேண்டாம். உங்கள் சங்கத்தில் அந்தப் பிரிவு இல்லை. 70 கிலோ மூட்டை எந்தத் தோளையும் ஒரே மாதிரித்தான் அழுத்துகிறது. அரசியல் பேசினால் சங்கம் உடைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். கூலியையும் நட்டஈட்டையும் சேமலாப நிதியையும் பற்றிப் பேசினால் எந்தப் பக்கம் உடையும்? எனக்கு யோசித்தும் தெரியவில்லை.

பெரிதாக எதையும் தொடங்கச் சொல்லவில்லை. ஏழு பேர் சேர்ந்தாலே 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொழிற்சங்கம் பதியலாம். நீங்கள் அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கிறீர்கள். முதலில் கணக்கு எழுதுவோம். திகதி, மில், லொறி, எத்தனை மூட்டை, யார் யார். ஒரு போகம் முழுக்க விடாமல் எழுதினால் அதை எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். அப்பாவின் விஷயத்தில் காலம் கடந்திருக்கலாம். அவரோடு மூட்டை தூக்கியவர்களுக்கு இன்னும் கடக்கவில்லை.

எழுத ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். நான் எழுதுகிறேன். 200 பக்கக் கொப்பி ஒன்றை வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு அப்பாவோடு சங்கக் கட்டடத்துக்கு வருவேன். அந்த வாரம் வேலை செய்த செட்டுகளிலிருந்து செட்டுக்கு ஒருவர் வந்தால் அன்றே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உங்களோடு மூட்டை தூக்கிய ஒருவரின் மகள்,
காரைதீவு.